துரைமார் பேசிய இங்கிலீஷ்

கேள்வி: கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது என் இங்கிலீஷ் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தார்கள். மாற்றிக்கொள்ள வேண்டுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: எதற்குத் தங்கச்சி? மலைக்கு வந்த இங்கிலீஷே லண்டன் இங்கிலீஷ் இல்லை. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். ஸ்ட்ரத்ஸ்பே, டன்கெல்ட், பல்மோரல் என்ற தோட்டப் பெயர்களெல்லாம் அந்த நாட்டு இடப் பெயர்கள்தான். 'ர'வை உருட்டிப் பேசிய தோட்டத் துரைமாரைப் பார்த்து, தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் யார் சிரித்தது? அதிகாரம் இருந்தால் எந்த உச்சரிப்பும் அழகு. கொழும்பிலோ, மண்டபத்தை (hall) சொல்லப்போய் அது ஓட்டை (hole) என்று காதில் விழுந்தால் போதும், 'நொட் பொட்' (not pot) இங்கிலீஷ் என்று முத்திரை குத்திவிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடம், அப்பாவுக்கு என்ன வேலை என்று மோப்பம் பிடிக்கும் வழி அது. புரியும்படி நிதானமாகப் பேசுங்கள், போதும். சிரித்தவர் லண்டனில் இறங்கி வாயைத் திறந்தால், அவரிடமும் "எந்த ஊர்?" என்றுதான் கேட்பார்கள்.