முகாம் செய்தியியல்: ஓர் ஆரம்பநிலை ஆராய்ச்சி

தாலுகா தலைநகரங்களில் நடக்கும் இலவச மருத்துவ முகாம்களைப் பற்றி மருத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அதே முகாம் மறுநாள் பேப்பரின் மாவட்டப் பக்கத்தில் என்ன வடிவம் எடுக்கிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர் எவரும் என் கண்ணில் படவில்லை. துறைக்குப் பெயர்கூட இல்லாததால் ‘முகாம் செய்தியியல்’ என்று நானே சூட்டிக்கொண்டேன். நிதி நல்கை கிடைக்கவில்லை. ஆய்வகமாகப் பேருந்து நிலையத்தின் எதிரே உள்ள டீக்கடை பயன்பட்டது; அங்கே ஒரே பேப்பர் தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொரு கைக்குப் போவதால், மாவட்டப் பக்கம் என் முறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

முன்னோர் வழியில் முதலில் நூற்பா:

செய்தி எனப்படுவது வந்தோர் பெயரே;
நோயின் பெயரும் வரையார் ஒரோவழி.

இஃது என் நுதலிற்றோ எனின், உள்ளூர்ச் செய்திக்குள் இருக்க வேண்டிய சரக்கு இன்னது என உணர்த்துதல் நுதலிற்று. முகாமுக்கு வந்த பிரமுகர்களின் பெயரே செய்தி. ‘வரையார் ஒரோவழி’ என்றதனால், இடம் மிஞ்சினால் நோயின் பெயரையும் போட்டுக்கொள்ளலாம், குற்றமில்லை என்பதாம். இச்செய்திக்கு உரிய வினைகள் ஐந்து: தலைமை தாங்கினார், முன்னிலை வகித்தார், வரவேற்றார், தொடங்கி வைத்தார், நன்றி கூறினார். இவற்றுள் ‘தொடங்கி வைத்தார்’ மட்டும் அடை ஏற்கும்: ஊர்வலமாயின் கொடியசைத்து, அரங்கமாயின் குத்துவிளக்கேற்றி. இவ்வைந்தும் இல்லாமல் ‘முப்பது வயது தாண்டியவர்கள் சர்க்கரை அளவைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது செய்தியாகாது, விளம்பரம். அதற்குத் தனி ரேட்.

இதற்கு நிருபரைக் குறை சொல்பவர்கள் நிருபரை அறியாதவர்கள். தாலுகா அளவில் செய்தி சேகரிப்பவர்களில் பலர் பகுதி நேரக்காரர்கள். நிலையான சம்பளம் பலருக்குக் கிடையாது. விபத்து, திருட்டு, கும்பாபிஷேகம், கிராமசபைக் கூட்டம் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஓடிப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து விளம்பரம் வேறு பிடித்துத் தர வேண்டும். அந்த விளம்பரம் தரக்கூடியவர் யார்? நேற்று முகாமில் முன்னிலை வகித்தவர்தான். சர்க்கரை நோய் இதுவரை யாருக்கும் பொங்கல் வாழ்த்து விளம்பரம் கொடுத்ததில்லை. மேலும், பெயர் வந்த ஒவ்வொருவரும் அன்று காலை ஒரு பேப்பர் கூடுதலாக வாங்குவார், மச்சினருக்கும் ஒன்று வாங்கி அனுப்புவார். நூற்பாவுக்குப் பின்னால் இவ்வளவு பொருளாதாரம் இருக்கிறது.

அடுத்து, படவியல். முகாம் படங்களில் அதிகம் அச்சேறுவது சிறப்பு விருந்தினர் பி.பி. பார்த்துக்கொள்ளும் காட்சி. இதை மிக அருகிலிருந்து பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது. விருந்தினர் முழுக்கை வெள்ளைச் சட்டை. கழுத்தில் பொன்னாடை ஒன்று, அதன்மேல் பயனாடை என்று இப்போது சொல்லப்படும் துண்டுகள் சில. சட்டைக் கையை மடிக்காமல் அதன்மேலேயே பட்டையைச் சுற்றினார்கள். டாக்டர் கருவியைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்தார். விருந்தினரும் கேமராவைப் பார்த்தார். பின்னால் எட்டி நின்ற நிர்வாகிகள் அனைவரும் கேமராவைப் பார்த்தனர். ‘இன்னும் ஒண்ணு, ஒண்ணு’ என்று குரல் வர, காற்று மீண்டும் அடிக்கப்பட்டது. எல்லாம் முடிந்த பிறகு, “எவ்வளவும்மா இருந்தது?” என்று செவிலியரைக் கேட்டேன். “அது போட்டோவுக்குங்க சார்” என்றார். பி.பி. பார்க்குமுன் ஐந்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும், பட்டை சட்டைத் துணிமேல் அல்லாமல் கையில் நேராகச் சுற்றப்பட வேண்டும், பார்க்கும்போது பேசக் கூடாது என்பவை மருத்துவ விதிகள். படவியலின் விதிகள் வேறு. கண் முகாமாயின் டார்ச் விளக்கு. அதன் ஒளி எங்கே விழுந்தாலும் பார்வை கேமராமேல் விழ வேண்டும்.

நாள் பற்றிய ஆய்வு சிறியது, ஆனால் சோகமானது. உலக நீரிழிவு தினம் நவம்பர் 14. இன்சுலினைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவரான பிரெடெரிக் பேண்டிங் 1891-இல் அந்தத் தேதியில் பிறந்தார் என்பதால் வைத்தார்கள். கனடாக்காரருக்கு அது பொருத்தம். இங்கே அதே தேதியில் 1889-இல் பிறந்த நேரு காத்திருக்கிறார். கோட்டுப் பொத்தானில் ரோஜா குத்திய யு.கே.ஜி. குழந்தைகள் படத்தோடு போட்டியிட்டு எந்த இன்சுலினும் ஜெயிக்க முடியாது. போதாக்குறைக்கு நவம்பர் வடகிழக்குப் பருவமழையின் உச்சம். கனமழைக்குக் கலெக்டர் பள்ளி விடுமுறை விட்டால் ஊர்வலத்துக்கு வர வேண்டிய மாணவிகளும் வீட்டிலிருப்பார்கள், செய்தி போட வேண்டிய இடத்தில் விடுமுறை அறிவிப்பு இருக்கும். ஜனவரி 30-ஐத் தொழுநோய் ஒழிப்பு நாளாக வைத்ததற்குக் காந்தி அந்நோயாளிகளுக்குச் செய்த தொண்டே காரணம். ஆனால் அன்றைக்கும் சிலைக்கு மாலை போட்டவர்களின் பெயர்ப் பட்டியல் முந்திக்கொள்கிறது. காசநோய்க் கிருமியைக் கண்டுவிட்டதாக ராபர்ட் கோக் 1882-இல் அறிவித்த மார்ச் 24, அதாவது உலகக் காசநோய் தினம், சற்றுப் பரவாயில்லை, அதுவும் தேர்தல் இல்லாத வருடமாயின்.

இனி இந்த ஆய்வின் மையப் பிரச்சினைக்கு வருகிறேன். நான்கு பத்திப் படத்தோடு செய்தி வந்தால் விழா வெற்றி என்று அமைப்பாளர்கள் லேமினேட் செய்து மாட்டுகிறார்கள். அச்செய்தி எப்போது வருகிறது? முகாம் முடிந்த மறுநாள். அதைப் படித்துவிட்டு ‘அடடா, நம்ம அம்மாவைக் கூட்டிட்டுப் போயிருக்கலாமே’ என்று நினைப்பவர் போய்ச் சேரும் இடத்தில் பந்தல் பிரித்த குழிதான் இருக்கும்.

அதைவிட மோசம் இன்னொன்று. முகாம் நடத்தும் நாங்கள் சர்க்கரைப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்கிறோம். எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். ஏழு மணிக்கே கிழவர்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். தொடங்கி வைப்பவரோ பத்தரைக்கு வருகிறார். வேறொரு திறப்பு விழாவிலிருந்து நிருபர் வர இன்னும் கொஞ்ச நேரம். கொடியசைக்காமல் ஊசி குத்தக் கூடாது என்பது முகாம் மரபு. சர்க்கரை நோய் விழிப்புணர்வின் பெயரால் சர்க்கரை நோயாளிகளைப் பசியில் உட்கார வைக்கும் இந்த மரபை மட்டும் என்னால் ஆராய்ச்சியாளனின் நிதானத்தோடு எழுத முடியவில்லை.

சரி, வரிசையில் நிற்பவர்கள் எப்படித்தான் வந்தார்கள்? கேட்டேன். “ரேஷன் கடைல ஒட்டியிருந்துச்சு.” “சத்துணவு டீச்சர் சொன்னாங்க.” “பக்கத்து வீட்டு அக்கா கூப்பிட்டாங்க.” “ஆட்டோல கத்திட்டுப் போனாங்க.” பேப்பர் பார்த்து வந்தேன் என்றவர் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவர் பார்த்தது ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ என்ற கட்டத்தில், ஆன்மிகச் சொற்பொழிவுக்குக் கீழே இருந்த இரண்டு வரி.

ஆட்டோ விளம்பரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. ஆட்டோ ஓடிக்கொண்டே இருப்பதால் ஒரு வீட்டுக்கு ஏழெட்டு விநாடிக்குமேல் கேட்காது. ‘அன்பார்ந்த பொதுமக்களே’ என்று தொடங்கித் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று போனால், எங்கள் தெருவுக்குப் பொருளாளர் மட்டும் கிடைப்பார். முகாம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். ‘ஞாயிறு காலை, அரசு மேல்நிலைப் பள்ளி, கண் பரிசோதனை’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லும் ஆட்டோதான் கூட்டம் சேர்க்கிறது. மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராம முகாம்களில், ஊருக்குச் சொல்லி ஆள் திரட்டும் வேலையை உள்ளூர் அமைப்புகளிடமே விடும் வழக்கம் உண்டு. எந்தத் தெருவில் யார் சொன்னால் கேட்பார்கள் என்பது ஊர்க்காரனுக்குத்தானே தெரியும்.

தமிழ்நாட்டில் இதுவரை வந்த நலவாழ்வு விளம்பரங்களில் எல்லோர் வாயிலும் புகுந்தது எது என்று கேட்டால், நாற்பது வயது தாண்டிய யாரும் தயங்காமல் சொல்வார்கள்: ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ 2000-களின் தொடக்கத்தில் சுவரெங்கும் இருந்த கேள்வி. பேருந்தில் பேசினார்கள், டீக்கடையில் கிண்டலடித்தார்கள், பள்ளிப் பையன்கள் ஒருவரை ஒருவர் அப்படிக் கூப்பிட்டு அடி வாங்கினார்கள். ஆணுறை, எய்ட்ஸ் என்ற சொற்களை வாய்விட்டுச் சொல்லக் கூசிய ஊரில் அந்தப் பேச்சு நடந்தது. அந்தக் கேள்விக்கு யாரும் தலைமை தாங்கவில்லை. முன்னிலையும் வகிக்கவில்லை.

எனவே மாவட்டப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். முகாமுக்கு முந்தின நாள் எங்களுக்கு இரண்டு வரி கொடுங்கள்: நாள், நேரம், இடம், வெறும் வயிற்றில் வர வேண்டுமா, பழைய மருந்துச் சீட்டு கொண்டுவர வேண்டுமா. மறுநாள் படம் போடாவிட்டால் பரவாயில்லை. எங்கள் பொருளாளரை நான் சமாளித்துக்கொள்கிறேன்.