பத்து பவுண்டுக்கு ஓர் ஆராய்ச்சி

இங்கிலாந்தில் பந்தயம் கட்டுவது சட்டப்படி சரி. ஜெயித்த பணத்துக்கு வரியும் கிடையாது. கிழக்கு லண்டனில் கறிக்கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே பெட்டிங் கடை உட்கார்ந்திருக்கும், யாரும் தலையைக் குனிந்துகொண்டு நுழைய வேண்டியதில்லை. என் மைத்துனன் இந்தச் சுதந்திரத்தில் மூழ்கிப் போனவன் என்று நினைத்துவிடாதீர்கள். சனிக்கிழமை கால்பந்துக்கு 10 பவுண்டு, அதற்கு மேல் ஒரு பென்னி வைக்கமாட்டான். ஆனால் அந்தப் பத்தை எந்தக் கம்பெனியில் வைப்பது என்பதில்தான் அவனுடைய படிப்பு, அனுபவம், தூக்கம் எல்லாம் செலவாகும். கத்தரிக்காயை நாலு கடையில் விசாரித்து வாங்கும் வம்சம்.

"எல்லாக் கம்பெனி பந்தய விலையையும் ஒரே இடத்துல காட்டுற பிரவுசர் எக்ஸ்டென்ஷன் இருக்காம் அத்தான். போன்ல போட்டுக் குடுங்க."

நான் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். ஆகவே ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவதிலிருந்து எல்லாம் என் இலாகா.

அவனுடையது ஆண்ட்ராய்டு போன். அதிலிருக்கும் குரோமில் எக்ஸ்டென்ஷனுக்கு இடமே இல்லை. கம்ப்யூட்டரில் கிடைப்பது கைபேசியில் ஏன் கிடைக்காது என்று என்னைக் குற்றவாளிபோலப் பார்த்தான். ஃபயர்பாக்ஸ் 2023 டிசம்பரில்தான் ஆண்ட்ராய்டில் கதவை அகலத் திறந்துவிட்டது. அதை இறக்கி, எக்ஸ்டென்ஷனைத் தேடிப் பிடித்து, 'சேர்' என்று தட்டினால் ஓர் அனுமதி கேட்டது: எல்லா இணையத்தளங்களிலும் உள்ள உங்கள் தகவலை நான் பார்க்கலாமா? பேங்க் கணக்கு, டாக்டர் அப்பாயின்ட்மென்ட், கல்யாணத் தளத்தில் இவன் ரகசியமாக வைத்திருக்கும் ஜாதகம், எல்லாம் அதில் அடக்கம். பெண் வீட்டார்கூட இவ்வளவு கேட்டதில்லை. "சரின்னு குடுங்க அத்தான், மேட்ச் ஆரம்பிச்சிடும்."

விலைகள் வந்தன, பின்னங்களாக. 11/10, 6/5, வேறோர் ஆட்டத்துக்கு ஒரு 100/30. இதைச் சுருக்கினால் 10/3 என்று ஆங்கிலேயனுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எங்கள் ஊர்க் கணக்கு வாத்தியாரிடம் மாட்டியிருந்தால் பெஞ்சு மேல் ஏறியிருப்பான். அமைப்பில் போய்த் தசமத்துக்கு மாற்றினேன். ஒரு கம்பெனியில் வெற்றிக்கு 2.10, டிராவுக்கு 3.40, தோல்விக்கு 3.50.

சும்மா இருக்காமல் 100-ஐ ஒவ்வொன்றாலும் வகுத்துக் கூட்டிப் பார்த்தேன். மூன்றில் ஒன்றுதான் நடக்கும், ஆகவே நியாயமாக 100 வரவேண்டும். வந்தது 105.6. அந்த 5.6-இல்தான் முதலாளி சாப்பிடுகிறார். ஊரெல்லாம் சுற்றி எக்ஸ்டென்ஷன் பொறுக்கிவந்த உச்ச விலைகள் 2.20, 3.50, 3.60. அதையும் கூட்டினேன்: 101.8. அப்போதும் நூறுக்குக் கீழே இறங்கவில்லை. பத்து பவுண்டு வைத்து ஜெயித்தால் 21-க்குப் பதில் 22 கிடைக்கும். அந்த ஒரு பவுண்டுக்காகத்தான் இத்தனை பாடு.

சொன்னேன். அவன் 1981 ஹெடிங்லி கிரிக்கெட் டெஸ்டை எடுத்துப் போட்டான். தோற்றுக்கொண்டிருந்த இங்கிலாந்துக்கு 500/1 என்று பலகையில் பார்த்து லில்லி 10 பவுண்டும் மார்ஷ் 5 பவுண்டும் கட்டி, 7,500 அள்ளிய கதை. இருவரும் எதிரணியான ஆஸ்திரேலியாவுக்கு ஆடிக்கொண்டிருந்தவர்கள் என்பதை வசதியாக மறந்துவிட்டான். இன்றைக்கு ஓர் ஆட்டக்காரர் அப்படிக் கட்டினால் தடைதான். போகட்டும், அவர்கள் நாலு கடையில் விலை விசாரிக்கவில்லையே என்றேன். பதில் இல்லை.

அவன் அந்த 2.20-ஐத் தட்டி உள்ளே போவதற்குள் அது 2.10 ஆகியிருந்தது.

இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் இறங்கிவிடாதீர்கள், ஆன்லைன் பணப் பந்தயத்தை 2025-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே தடை செய்திருக்கிறது. இங்கே இருப்பவர்கள் இந்த எக்ஸ்டென்ஷனைப் போட்டே தீருவேன் என்றால், பேங்க் வேலைக்குத் தயவுசெய்து வேறு பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள்.