மருமவன் மெடிக்கல்ஸ்

வா மருமவனே, திண்ணையில உக்காரு. மெடிக்கல் ஷாப்பு போடப் போறியாமே, உங்கம்மா சொன்னா. நல்ல காரியம். சங்கரன்கோவில்ல பஸ்ஸ விட்டு எறங்குதவன் கோமதியம்மன் சன்னதிக்குப் போய்ச் சேருததுக்குள்ள ஒரு மருந்துக்கடையாவது கண்ணுல படலன்னா, அவன் மொதல்ல கண்ணு டாக்டரப் போய்ப் பாக்கணும். அம்புட்டு கெடக்கு. உன் கடை ஒண்ணுதான் குறைச்சலா இருந்துச்சு.

போர்டு டிசைன் போன்ல வச்சிருக்கியாமே, காமி. அடேயப்பா! உம் பேரு பெருசா, மேல சாமி படம், பக்கத்துல செவப்பு பிளஸ்ஸு, கீழ ‘எல்லா மருந்துகளுக்கும் 20% தள்ளுபடி’. சாமி இருக்கட்டும். செவப்பு பிளஸ்ஸ எடுத்துரு. அது செஞ்சிலுவைக்காரங்களோட அடையாளம், கண்டவனும் போடக்கூடாதுன்னு 1960-லயே சட்டம் வந்துட்டு. பச்சையில போட்டுக்க.

கடைய அளந்தியாடே? அளக்கலயா? அட்வான்ஸ் மட்டும் குடுத்துட்டே. சில்லறை மருந்துக்கடைன்னா 10 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது, நம்ம கணக்குல 108 சதுர அடி. நீ புடிச்சிருக்கது முன்னால ஜெராக்ஸ் கடை. மிஷினு உள்ள நின்னா ஆளு வெளிய நிக்கணும், அப்படிக்கொத்த எடம். டிரக் இன்ஸ்பெக்டர் வந்து டேப்ப இழுத்துப் பாத்துட்டு, ‘தம்பி, இதுல ஜெராக்ஸே போடுங்க’ன்னு சொல்லிட்டுப் போயிருவாரு. பாரம் 20, 21 ரெண்டு லைசென்சும் கைக்கு வந்த பெறவு போர்டு மாட்டு. அதுவரைக்கும் போன்ல பாத்து ரசிச்சுக்க, யாரு வேண்டாம்ன்னா.

சரி, போர்டுல போட்ட அந்த இருவது சதவீதத் தள்ளுபடிக்கு வாரேன். நான் ஆயுசுல பாதிய மருந்து ஸ்டாக்கிஸ்ட் கொடவுன்ல பொட்டி தூக்கியே கழிச்சவன். படிப்பு கெடையாது, ஆனா பில்லு வாசிக்கத் தெரியும். அச்சடிச்ச வெல 100 ரூவான்னா கடைக்காரனுக்கு வழக்கமா 80-க்கு வரும். கவர்மெண்டு வெலகட்டுன மருந்துன்னா அதுவும் இல்ல. 2013-ல போட்ட வெலக் கட்டுப்பாட்டு உத்தரவுல சில்லறைக்காரனுக்கு 16 சதவீதம்தான். நீ இருவதத் தள்ளிட்டா ஒண்ண அசலுக்கு விப்பே, இன்னொண்ண அசலுக்கும் கீழ விப்பே. வாடகையும் கரண்டு பில்லும் யாரு தருவா, போர்டுல இருக்க சாமியா?

பத்துதான் தள்ளுவேன்னு இறங்கி வருவே, தெரியும். இருவதுல பத்தக் குடுத்துட்டா பக்கத்துக் கடைக்காரன் சம்பாதிக்கத நீ சம்பாதிக்க அவனப் போல ரெண்டு மடங்கு விக்கணும். ஊருல சீக்கும் ரெண்டு மடங்கு ஆகணும். அப்படி வேண்டிக்கிட்டு அம்மன் சன்னதிக்குப் போனா ஆத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுவா.

பெரிய கடைக்காரன் மட்டும் எப்படிக் குடுக்கான்னு கேக்கே. அப்போலோ 1987-ல இருந்து கடை நடத்துதான், மெட்பிளஸ் 2006-ல ஹைதராபாத்துல தொடங்கி இப்ப எங்க பாத்தாலும் நிக்கான். அவன் லாரி லாரியா வாங்குதவன். மாத்திரையில விட்டத சொந்த பிராண்டு சத்துமாவுலயும் சோப்புலயும் எடுத்துருவான். ஆன்லைன் இன்னும் மேல. நம்ம சென்னைப் பக்கத்து நெட்மெட்ஸ 2020-ல ரிலையன்ஸ் வாங்கிட்டு. அவங்களுக்கு நட்டம்னா அது ஒரு வருசக் கணக்குப் புத்தகத்துல ஒரு வரி. உனக்கு நட்டம்னா உங்கப்பன் பேருல இருக்க ஒன்றரை ஏக்கர். ஆன்லைன எதுத்து 2018 செப்டம்பர் 28-ல நாடு பூரா மருந்துக்கடைய அடைச்சாங்களே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு ஊருல எல்லாரும் மாத்திரை எங்க கிடைக்கும்னு போன எடுத்துத் தேடுனாங்க. எதிராளிக்கு அதைவிட நல்ல விளம்பரம் காசு குடுத்தாலும் கிடைக்காது.

பெறவு, கவர்மெண்டே இப்ப உனக்குப் போட்டி. மக்கள் மருந்தகம் ஒரு பக்கம். 2025 பிப்ரவரி 24-ல ஒரே நாள்ல 1,000 முதல்வர் மருந்தகம் தொறந்தாங்க. பார்மசி படிச்ச பிள்ளைகளுக்குக் கடை போட 3 லட்சம் மானியம்னாங்க. நீ டி.பார்ம் படிச்சவன்தானே, அப்ப எங்கடே போயிருந்தே? நான் சொல்லவா?

சர்டிபிகேட்ட வாடகைக்கு விட்டுட்டு ரியல் எஸ்டேட் பின்னால சுத்திக்கிட்டு இருந்தே. முழிக்காதே. பக்கத்து ஊர்க் கடையில உன் போட்டோ சுவத்துல தொங்கிச்சு. நான் மூட்டுவலித் தைலம் வாங்கப் போனவன் அண்ணாந்து பாத்தேன். சட்டம் போட்டு, பவுடர் பூசி, சிரிச்ச மேனிக்கு நிக்கே. மாலை ஒண்ணுதான் குறைச்சல். ‘இந்தத் தம்பி எங்க?’ன்னு கேட்டேன். கவுண்டர்ல நின்ன பொடியன் ‘அவரு வரமாட்டாரு தாத்தா’ன்னான். கேட்டதும் எனக்குப் பக்குன்னு ஆயிட்டு.

இப்ப சொந்தக் கடைக்கும் அதே ஏற்பாடா? பத்தாங்கிளாஸ் முடிச்ச ஒரு பையன நிறுத்திட்டு நீ சாயங்காலம் வந்து கல்லாவ எண்ணுவியாக்கும். பதிவு பண்ணுன பார்மசிஸ்ட்தான் மருந்து எடுத்துக் குடுக்கணும்னு 1948-லயே சட்டம் இருக்கு. சட்டத்த விடு, நீதான் சர்டிபிகேட்டையே வாடகைக்கு விட்டவனாச்சே. யாவாரத்தப் பேசுவோம். ஊருல எல்லாக் கடையிலயும் அதே டோலோ, அதே பான்டோப்ரசோல். மாத்திரையில வித்தியாசம் கெடையாது. கவுண்டருக்குப் பின்னால யாரு நிக்காங்கிறதுதான் வித்தியாசம். நீ நின்னாத்தான் அது மருந்துக்கடை. நீ நிக்கலன்னா உன்னைவிட ஆன்லைன்காரன் மேல், அவனாவது சீட்டப் படம் புடிச்சு வாங்கி வச்சுக்கிடுதான்.

நின்னா என்ன கிடைக்கும்னு கேளு. மேலத்தெரு ஆச்சி ஒருத்தி வருவா. சுகர் டாக்டர் சீட்டு ஒண்ணு, தென்காசியில மகன் கூட்டிட்டுப் போன டாக்டர் சீட்டு ஒண்ணு. ஒண்ணுல மெட்ஃபார்மின் தனியா இருக்கும், இன்னொண்ணுல வேற பேருல, கிளிமிபிரைடோட சேந்த மாத்திரையில அதே மெட்ஃபார்மின் ஒளிஞ்சிருக்கும். பொடியன் ரெண்டையும் எடுத்துக் கவர்ல போட்டுருவான், யாவாரம் கூடுதல்னு நீயும் சந்தோசப்படுவே. படிச்சவன் நின்னான்னா ‘இரு ஆச்சி’ன்னு டாக்டருக்கு ஒரு போனப் போடுவான். அன்னைக்கு உனக்கு ஒரு அட்டை யாவாரம் போச்சு. ஆனா ஆச்சி சாவுத மட்டும் வேற கடைப் படி ஏறமாட்டா. அவ மக, மருமக, பக்கத்து வீட்டுக்காரி எல்லாருக்கும் அவளே விளம்பரம், போர்டு செலவு மிச்சம். சுகருக்கும் பிரஷருக்கும் மாசாமாசம் வாங்குதவங்கதான் உன் கடைக்கு வேரு. சளி காய்ச்சல்னு வாரவன் மழைக்கு ஒதுங்குதவன்.

ஒண்ண மட்டும் பழகிராதே. சீட்டுல எழுதுன பிராண்ட விட்டுட்டு, லாபம் கூடன்னு நீயா வேற பிராண்ட எடுத்து நீட்டுதது. அட்டவணை ஹெச் மருந்துல அதுக்குச் சட்டத்துல எடமில்ல, உள்ள அதே மருந்துதான் இருக்குன்னாலும் சரி. ஜெனரிக் அட்டையில அச்சடிச்ச வெலைக்கும் உனக்கு வார வெலைக்கும் ரொம்ப தூரம் இருக்கும், கை துறுதுறுங்கும். கட்டிப்போடு. ஆளுகிட்டச் சொல்லு, டாக்டர்கிட்டக் கேட்டுக் குடு, வெலையையும் குறைச்சுக் குடு.

இப்ப ரேக்குக்கு வா. மருந்துக்கடைக்காரன் அழிஞ்சது பாதி ரேக்குலதான். கடை தொறந்த மறுநாளே ரெப்பு வருவான், டையும் கட்டியிருப்பான், ‘சார்’ம்பான். உன்னைய இதுவரைக்கும் எவன் சார்ன்னு கூப்பிட்டான்? அந்த மயக்கத்துல ‘பத்துக்கு மூணு ஃப்ரீ’ங்குத சிரப்ப முப்பது எடுத்துப் போடுவே. அந்தச் சிரப்ப எழுதுத டாக்டர் இந்த ஊருலயே இருக்க மாட்டாரு. ஓடுத சரக்குக்கு எவன்டே மூணு இலவசமாக் குடுப்பான்? ஸ்கீமு எவ்வளவு பெருசோ, அந்தச் சரக்கு அவ்வளவு நாள் உன்கூடவே குடியிருக்கும்.

முன்னால தேதி முடியுதத முன்னால வை. இதச் சொல்ல டி.பார்ம் வேண்டாம், ஆனா டி.பார்ம் படிச்சவன் எவனும் செய்யுததில்ல. மாசத்துல ஒருநாள் உக்காந்து, வார மூணு மாசத்துல தேதி முடியுத சரக்க எல்லாம் பிரிச்செடு. திருப்பி வாங்குததுக்கு ஒவ்வொரு ஸ்டாக்கிஸ்டும் ஒரு கெடு, ஒரு கணக்கு வச்சிருப்பான். அதச் சரக்கு எடுக்கும்போதே கேளு, முடிஞ்ச பெறவு கேட்டா சிரிப்பான். அட்டை வெட்டும்போது பேட்ச் நம்பரும் தேதியும் அடிச்சிருக்க பக்கத்தக் கடைசி வரைக்கும் நீ வச்சுக்க. நம்ம ஊருல தறிக்காரங்க சனிக்கிழமை கூலி வாங்கி நாலு மாத்திரை அஞ்சு மாத்திரைன்னுதான் கேப்பாங்க, வெட்டாமக் குடுக்க முடியாது. பொடியன் தேதிப் பக்கத்த மொதல்ல வெட்டிக் குடுத்துட்டான்னா, மிச்ச அட்டைக்குப் பொறந்த தேதியும் தெரியாது, செத்த தேதியும் தெரியாது. கொடவுனுக்குத் திரும்பி வாரதுல இப்படி அநாதை அட்டைகதான் எங்களுக்கு ரொம்ப எரிச்சல். ஒண்ணுக்கும் காசு கெடையாது.

பிரிட்ஜு வாங்குவே. இன்சுலினுக்கு 2 டிகிரில இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும். தெர்மாமீட்டர் வச்சுப் பாரு. ஃபிரீசர் பக்கம் ஒட்டி வச்சு ஒருக்கா உறைஞ்சு போச்சுன்னா அத விக்கக் கூடாது, வெயில்ல வச்சு உருக்கிக் குடுக்க அது குச்சி ஐஸு இல்ல. உங்கம்மா தோசமாவ அதுல வைக்கக் கேப்பா. எந்தங்கச்சிதான், இருந்தாலும் சொல்லுதேன், வீட்டுல பிரிட்ஜு வாங்கிக் குடு.

இனி ஒரு விசயம், இதுல கேலி கெடையாது. ராத்திரி கடை அடைக்கப் போற நேரத்துல ரெண்டு பொடியனுக பைக்கில வருவானுக. வலி மாத்திரை, தூக்க மாத்திரைன்னு பேரச் சொல்லிக் கேப்பானுக, சீட்டு இருக்காது, சொல்லுத வெலையக் குடுப்பானுக. ஒரு நாள் குடுத்தேன்னா மறுநாள் எட்டுப் பேரு நிப்பானுக. அல்பிரசோலம், டிரமடால், செஃபிக்சிம் இதெல்லாம் ஹெச்1 பட்டியல்ல இருக்கு. டாக்டர் பேரு, ஆளு பேரு, மருந்து, எண்ணிக்கைன்னு தனி ரெஜிஸ்டர்ல எழுதி மூணு வருசம் வச்சிருக்கணும். 2014-ல இருந்து நடைமுறை. கருக்கலைப்பு மாத்திரையச் சீட்டில்லாமத் தொட்டேன்னா, ஒரு பொம்பளப் பிள்ளை உசுரு போவும். அந்தப் பாவத்துக்கு எந்த மாமனும் ஜாமீன் எடுக்க வரமாட்டான்.

பில்லில்லாச் சரக்கும் வேண்டாம். 2025-ல காஞ்சிபுரம் பக்கம் செஞ்ச இருமல் சிரப்பு மத்தியப் பிரதேசத்துல சிந்த்வாராவுல பச்சப் பிள்ளைகளக் கொன்னுச்சே. டைஎத்திலீன் கிளைக்கால்னாங்க. அந்த நேரம் ஊர் ஊரா இன்ஸ்பெக்டருக பேட்ச் நம்பரத் தேடித்தான் அலைஞ்சாங்க. பில்லு இருக்கவன் பொட்டிய எடுத்துத் திருப்பிக் குடுத்தான். இல்லாதவனுக்கு, யாருகிட்ட வாங்குனோம், யாருக்கு வித்தோம், ரெண்டுக்கும் பதில் கெடையாது. நாலு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு இருமல் சிரப்பு கேட்டு வந்தா எடுத்து நீட்டாதே, டாக்டர்கிட்ட அனுப்பு.

டாக்டர் வீட்டுப் பக்கத்துலதான் கடைன்னு பெருமையாச் சொன்னே. அவரு ஒரு நாள் உள்ளயே ஒரு ரூமத் தட்டி எடுத்து மச்சினனுக்குக் கடை வச்சுக் குடுப்பாரு. அப்ப நீ அவரு சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பே. அவர நம்பி வாடகை ஒத்துக்காதே. கடனும் அளவா விடு. தறிக்காரன் சனிக்கிழமை தந்துருவான், வெள்ளை வேட்டிக்காரன்தான் தேர்தல் முடியட்டும்பான்.

என்ன, நோட்டுல எழுதிக்கிட்டியா? நல்லது. கடை தொறக்கும்போது சொல்லு, வாரேன். ஆனா மாத்திரை வாங்குவேன்னு நெனச்சுராதே. எனக்குப் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரைய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிள்ளை வாசலுக்கே கொண்டுவந்து குடுத்துட்டுப் போறா, காசே கெடையாது. அவ பிரஷரும் பாத்துட்டு ‘உப்பக் குறைங்க தாத்தா’ன்னு ஒரு அதட்டும் போடுவா. உன் கடைக்கு அந்த மூட்டுவலித் தைலத்துக்கு வேணா வாரேன். கல்லாவுல நீ இருந்தா காசு, அந்தப் பொடியன் இருந்தான்னா உம் பேருல பத்து எழுதிட்டு வந்துருவேன்.