தூசியோடு இருக்கட்டும்

வன்னியில் கார் வைத்திருப்பவனுக்கு எதிரிகள் பலர். வைகாசி பிறந்தால் நாள் முழுக்க அடிக்கிற சோளகம் ஒன்று. ஏ9 வீதியை விட்டு உள்ளே திரும்பியதும் தொடங்குகிற கிரவல் றோட்டு இன்னொன்று. வேப்பமரத்துக் காகங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் ஒருமாதிரிச் சமாளித்துவிடலாம். தோளில் கிடக்கிற துவாயை உதறி எடுத்து, "பொறும் தம்பி, ஒரே தூசியாக் கிடக்கு" என்று பாசத்தோடு பொனற்றைத் துடைக்க வருகிறவரைத்தான் சமாளிக்க முடிவதில்லை. என் விடயத்தில் அவர் என் மாமனார். கையைப் பிடித்துத் தடுக்கவும் ஏலாது.

வேலி முள்ளும் ஆட்டுக்கடாவும் காரில் போடுகிற கீறல் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் துடைக்கும்போது விழுகிறவை. தூசி தன்பாட்டில் கிடந்தால் ஒரு பாதகமும் செய்யாது. ஆனால் எங்கள் செம்மண் தூசிக்குள் குவார்ட்ஸ் மணல் இருக்கிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸுக்கு 7. கறிக்கத்தியின் உருக்குக்கு ஏறத்தாழ ஐந்தரை. காரின் நிறத்துக்கு மேலே பூசியிருக்கிற கிளியர் கோட்டோ ஒரு வகைப் பிளாஸ்ரிக். அதன் தடிப்பு பெரும்பாலும் 40, 50 மைக்ரோன். கந்தோரில் கடிதம் அடிக்கிற கடதாசியே கிட்டத்தட்ட 100 மைக்ரோன் வரும். ஆக, பாதிக் கடதாசித் தடிப்பான ஒரு பூச்சின் மேல், கத்தியை விடக் கடினமான மணல் கிடக்க, அதற்கு மேல் துவாயைப் போட்டு அழுத்தித் தேய்ப்பதற்குத்தான் எங்கள் ஊரில் துப்புரவு என்று பெயர்.

அறுவடை தொடங்கினால் இன்னும் விசேஷம். வெட்டு மெஷின் வயலில் இறங்கினால் பரந்தன் பக்கம் பதரும் உமித்தூசும் வானத்தை மறைக்கும். றோட்டின் ஒரு பாதியில் நெல் காயும், மறுபாதியில் நாங்கள் போவோம். உமியை எரித்தால் அதன் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. குவார்ட்ஸும் அதே சாமான்தான். எங்கள் ஆச்சிமார் உமிக்கரியால் பல்லுத் தீட்டியதும் சாம்பலால் சட்டி மினுக்கியதும் காரணமில்லாமல் இல்லை. சட்டிக்கு அது நல்லது. காருக்கு அல்ல என்று மாமாவுக்குச் சொன்னால், "சட்டி தாங்கினது கார் தாங்காதோ?" என்கிறார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. 1990களில், பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், வன்னிக்குள் வாடகைக் கார் ஓட்டியவர் அவர். ஒஸ்ரின் ஏ40. பெற்றோல் உள்ளே வராது, வந்த சொட்டுக்கும் ஆனைவிலை, குதிரைவிலை. கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்ராட் பண்ணுவதற்கு மட்டும் காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல். பின்னால் போகிறவனுக்கு முன்னால் ஒரு கார் போவது புகையில்தான் தெரியும். சவர்க்காரமும் தடைப் பட்டியலில் இருந்த காலம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தார்கள். கொடியில் காய்ந்த சேட்டை வாசத்துக்கு மாடு வந்து சப்பியது. மனிதன் முதுகு தேய்க்கச் சவர்க்காரம் இல்லாத ஊரில் கார் ஷாம்பூ என்ற பேச்சுக்கே இடமில்லை. "தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சனான். நிறம் போனால் தூரிகையை எடுத்து ஒரு இழுவை. அவ்வளவுதான் தம்பி" என்பார். அந்தக் காலக் கார்களுக்கு அது பெரிய குற்றமும் இல்லை. மேலே கிளியர் கோட் கிடையாது. தேய்த்தால் நிறமே துணியில் வரும், கீழே அதே நிறத்தின் அடுத்த படை இருக்கும்.

இப்போது கதை வேறு. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் அஞ்சு வருசம், வயது ஏற ஏற விலையும் ஏறிய அதிசயப் பொருளாக இலங்கையில் பழைய கார்கள் இருந்தன. பத்து வருசம் ஓடின அல்ற்றோவை விற்கிறவர் புதுக்கார் விற்பவரின் மிடுக்கோடு காலுக்கு மேல் கால் போட்டிருந்து விலை சொன்னார். என் காரும் அப்படி வாங்கியதுதான். விற்றவர் ஒன்றை மட்டும் பெருமையாகச் சொன்னார்: "ஒரு நாளும் துடைக்காமல் விட்டதில்லை, அண்ணை." வீட்டுக்குக் கொண்டுவந்து காலை வெயிலில் விட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது முழு உண்மை. பொனற் முழுக்கச் சிலந்தி வலை பின்னியதுபோல் வட்டம் வட்டமாகக் கீறல்.

பெரும்பாலும் அது 2022 இன் கைவேலையாக இருக்கும் என்பது என் ஊகம். எரிபொருள் வரிசையில் நாள்கணக்கில் காரோடு கிடந்த வருசம் அது. பிறகு கியூஆர் அட்டை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் என்று பங்கு வைத்தார்கள். அதற்கு முதல், வரிசை அசையாத நேரத்தில் ஒரு மனிதனுக்குச் செய்ய என்ன இருக்கிறது? அரசாங்கத்தைத் திட்டலாம், காரைத் துடைக்கலாம். தண்ணீர் இல்லாத இடத்தில், காய்ந்த துணியால், திட்டுகிற வேகத்திலேயே துடைத்திருப்பார்கள். நாட்டின் பொருளாதார நெருக்கடியை என் பொனற்றில் இன்றைக்கும் பார்க்கலாம்.

இனி துணிக்கு வருவோம். கிளிநொச்சியில் ஒரு கடையில் போய்க் கார் துடைக்க நல்ல துணி கேட்டேன். ஆடைத் தொழிற்சாலை வெட்டுத்துண்டுகளைக் கட்டாகக் கட்டிக் கிலோக்கணக்கில் தூக்கி வைத்தார்கள். ஜீன்ஸ் துண்டும் சிப்பின் பல்லும் உள்ளே சிரித்தன. கராஜில் கிறீஸ் துடைக்க அது திறம். இன்னொரு கடையில் மைக்ரோபைபர் இருந்தது. "இதில எது நல்லது?" என்று கேட்க, "மஞ்சள் நல்லாப் போகுது" என்றார் தம்பி.

நிறத்தில் ஒன்றுமில்லை. பார்க்க வேண்டியது வேறு. மைக்ரோபைபர் என்பது பொலியெஸ்டரும் பொலியமைடும் கலந்த, தலைமயிரை விடப் பலமடங்கு மெல்லிய, பிளந்த இழை. 80க்கு 20 அல்லது 70க்கு 30 என்று கலவை போட்டிருக்கும். பொலியமைடு கூடினால் மெதுமையும் ஈரம் குடிக்கிற குணமும் கூடும். அந்த இழைக்காடு மணலைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். பருத்தித் துவாயோ மணலை மேலேயே வைத்துக்கொண்டு உருட்டும். ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கும் உண்டு: உள்பக்கம் துடைக்க 300 போதும், கழுவின காரை உலர்த்த 500க்கு மேல் இருந்தால் நல்லது. கரையில் கட்டித் தைத்த நூலும் மூலையில் தொங்குகிற லேபலும்தான் கள்வர். லேபலை வெட்டி எறியுங்கள். கனடாவிலிருந்து வந்த மச்சான் ஒருவர் சொக்லேற்றுக்குப் பதிலாக இந்தத் துவாய்க் கட்டொன்றைக் கொண்டுவந்து தந்தார். வீட்டில் அவருக்கு இருந்த மதிப்பு அன்றைக்கே பாதியாய்ப் போனது. எனக்கு இரட்டிப்பானது.

துணியைச் சோதிக்க எளிய வழி சீடி. பின்பக்கத்தில் துணியால் அழுத்தித் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், முரட்டுத் துணி தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். எங்கள் வீட்டில் எவரும் பார்க்காத சீடி ஒன்றுதான் மிச்சம்: கலியாண வீடியோ. ஐந்து பாகம்.

"இஞ்சாருங்கோ, தாலி கட்டுற சீடியையோ தேய்க்கிறியள்?"

"இல்லையப்பா, பந்திச் சாப்பாடு."

"அப்ப பரவாயில்லை. அதில மாமியவை சண்டை பிடிச்சதுதான் கிடக்கு."

முடிவு இது: மச்சானின் துவாய் கீறவில்லை. மாமாவின் சாரம், நடுப்பகுதி பரவாயில்லை, பொருத்தித் தைத்த இடம் கீறியது. கலியாணத்துக்கு அன்பளிப்பாக வந்து அலுமாரியில் கிடந்த பூப்போட்ட துவாய் பந்தியை அடியோடு அழித்தது.

நல்ல துணி கிடைத்தால் மட்டும் போதாது, அதைக் காப்பாற்ற வேண்டும். குசினி அதன் மேல் கண் வைக்கும். கொதிக்கிற பானை இறக்கப் போனால் பொலியெஸ்டர் உருகி விறைத்துவிடும். மணக்கிற மெதுமைத் திரவத்தில் ஊறப்போட்டால் இழை அடைபட்டுத் தண்ணீர் குடிக்காது. பருத்தி உடுப்போடு சேர்த்துத் தோய்த்தால் பஞ்சு முழுக்க ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேல் சோளகம். கொடியில் இருந்து பறந்து வளவுக்குள் விழுந்த துவாய் திரும்பி வரும்போது ஒட்டுப்புல்லும் நெருஞ்சியும் ஒரு பிடி மண்ணும் கூட வரும். நிலத்தில் விழுந்த துணி காரைத் தொடக்கூடாது. அதற்கு ஓய்வு கொடுத்து சில்லுத் துடைக்கப் போடுங்கள்.

கழுவுகிற முறை பெரிய வித்தை இல்லை. முதலில் வெறும் தண்ணீர் நிறைய. அதிலேயே அரைவாசி மணல் போய்விடும். பிறகு இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் கைத்துணியை அலசுவதற்கு நல்ல தண்ணீர். மேலேயிருந்து கீழே, நேர்கோட்டில், அழுத்தாமல். சில்லுக்குத் தனித் துணி. பாத்திரம் கழுவுகிற திரவம் கீறாது, ஆனால் மெழுகைக் கழற்றிவிடும். காசு மட்டாக இருந்தால் ஷாம்பூவில் மிச்சம் பிடியுங்கள், துவாயில் பிடிக்காதீர்கள். இரண்டு வாளியைப் பார்த்த மாமா கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்துவிட்டார். "ஒரு காருக்கு ரெண்டு வாளியோ? நான் ஒரு வாளித் தண்ணியில ஒஸ்ரினையும் கழுவி, நானும் குளிச்சனான்." எது முதல் என்று நான் கேட்கவில்லை.

கிணற்றுத் தண்ணீர் கடினமானது என்பது எங்கள் பக்கத்தில் பலருக்குக் கேத்திலின் அடியிலேயே தெரியும். வெயிலில் கழுவிக் காயவிட்டால் அதே சுண்ணாம்பு கார் முழுக்க வெள்ளைப் புள்ளியாக நிற்கும். விடியவோ பொழுதுபட்டோ நிழலில் கழுவி, துவாயை விரித்துப் போட்டு ஒற்றி எடுப்பதுதான் வழி. முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே அடிப்பக்கம் வரை தண்ணீர் அடித்துவிடுங்கள். உப்பு அடுத்த நாள் வரை பொறுக்காது. சேர்விஸ் ஸ்ரேசனில் கொடுத்துக் கழுவலாமே என்பீர்கள். நான் போன இடத்தில் எனக்கு முன்னால் ஒரு உழவு மெஷின் நின்றது. அதைத் துடைத்த துணிதான் அடுத்ததாக என் காரை நோக்கி வந்தது. நனைந்த காரோடேயே வெளியே வந்தேன்.

முறிகண்டியைச் சொல்லாமல் விட ஏலாது. ஏ9 இல் போகிற எந்த வாகனமும் பிள்ளையாரிடம் நின்று, தேங்காய் அடித்து, கச்சானும் வாங்கிக்கொண்டுதான் போகும். மாமா இறங்கியதும் விபூதியைக் குழைக்காமல் அப்படியே மூன்று விரலால் பொனற்றில் இழுப்பார், நடுவில் சந்தனம். காய்ந்த பொடி, விரல், கிளியர் கோட். மதமும் இயற்பியலும் மோதுகிற இடம். கடைசியில் சமரசம் கண்டோம்: கண்ணாடியில் பூசுவது. கண்ணாடியும் மோஸில் ஐந்தரை, தாங்கும். பிள்ளையாருக்கு இதில் ஆட்சேபணை இருப்பதாகத் தெரியவில்லை. கார் இதுவரை நடுவழியில் நிற்கவில்லை.

ஆகவே கிளிநொச்சிப் பக்கம் வருகிற வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. தூசி படிந்த கார் ஒன்று வேப்பமர நிழலில் நிற்கக் கண்டால் அதில் விரலால் பெயர் எழுதாதீர்கள். சேட்டுக் கையால் துடைத்து உள்ளே எட்டிப் பார்க்காதீர்கள். மனம் கேட்காமல் உதவி செய்தே ஆகவேண்டுமென்றால் பக்கத்தில் கிணறு இருக்கிறது, முதலில் ரெண்டு வாளி தண்ணீர் அள்ளி ஊற்றுங்கள். மாமா கதிரையோடு வருவார், அவர் கையில் துவாய் இருந்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.