ராஜினாமாவா, சிறுகதையா?

கே: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் ஓட்டுகிறேன். சிற்றிதழ்களில் இரண்டு கதைகள் வந்திருக்கின்றன. வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளன் ஆகிவிடலாமா?
(பெயர் வேண்டாம், மீஞ்சூர்)

ப: இரண்டு கதைக்கும் என்ன கொடுத்தார்கள் என்று எழுதவில்லை. பத்திரிகை நடத்துகிறவர் உங்களிடம் சந்தா கேட்காமல் விட்டிருந்தால் அதுவே பெரிய சன்மானம், தம்பி.

முழுநேரத்தை முயன்று பார்த்தவர் ராமானுஜன். கணக்கைத் தவிர எதையும் தொடமாட்டேன் என்றிருந்து கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பச்சையப்பன் கல்லூரியிலும் தேறவில்லை. சில வருடம் கணக்கும் பட்டினியுமாகத் திரிந்துவிட்டு, 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டிக்கு 1913 ஜனவரியில் கடிதம் போட்டதும் அந்தக் குமாஸ்தாதான். மேலதிகாரி நாராயண ஐயருக்கும் கணக்கில் பித்து. ராத்திரி இருவரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்துவிடுவார்களாம். வேலையை விட்டது எப்போது தெரியுமா? சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தபோது. கணக்கு தெரிந்தவர் செய்த ராஜினாமா!

உங்கள் சூப்பர்வைசர் கதை படிப்பாரா? வேண்டாம், ஷிப்ட்டையாவது மாற்றித் தருவாரா? வாரத்துக்கு வாரம் ஏ, பி, சி என்று மாறினால் தூக்கம் போகும், அதன் பின்னாலேயே கதையும் போகும். முதலில் நிலையான ஒரு ஷிப்ட் கேட்டு வாங்குங்கள். அதற்காக ஓ.டி. பணம் கொஞ்சம் குறைந்தாலும் சரி.

கே: மேற்படி கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி மகன் என்னிடம்தான் கொடுத்தான். பெண் பார்க்கும் நேரம். நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்.
(அதே முகவரி, வேறு கையெழுத்து)

ப: உறையில் இரண்டு தடவை பசை தடவியிருந்தபோதே நினைத்தேன்!

ஐயா, கதை எழுதினால் வேலை கெடும் என்று பயப்படுகிறீர்கள். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் பொறியாளராக இருந்து, மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர் சுஜாதா. வாரா வாரம் தொடர்கதை, போதாததற்குக் கேள்வி-பதில் வேறு எழுதி என் போன்றவர் பிழைப்பைக் கெடுத்தார். வண்ணதாசன் ஸ்டேட் பாங்க், பூமணி கூட்டுறவுத் துறை. இரண்டு பேருக்கும் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது.

பெண் வீட்டாரிடம் ‘பையன் எழுதுவான்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சர்க்கரை வியாதியைச் சொல்வதுபோல் தயங்க வேண்டாம்.

கே: எல்லோரும் வேலையில் இருந்தவர்களாகவே சொல்கிறீர்களே, விட்டுவிட்டு ஜெயித்தவரே இல்லையா?
(வாசகி, பொன்னேரி)

ப: உண்டு. அசோகமித்திரன் 1966-ல் ஜெமினி ஸ்டூடியோ வேலையை விட்டார். ஆனால் ‘கரைந்த நிழல்கள்’ நாவலின் சினிமா உலகம், சம்பளம் வாங்கிக்கொண்டு அவர் பக்கத்திலிருந்து பார்த்தது. அவரைப்போல் விட்டுவிட்டுக் காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? அவர்கள் பெயரில்தான் புத்தகமே இல்லையே.

மீஞ்சூர்த் தம்பியும் இதைப் படிக்கட்டும். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் சாம்பல், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகள், ஒரே அறையில் ஷிப்ட் முறையில் தூங்கும் ஒடிசா, பீகார் பையன்கள், லேத்தில் சுருள் சுருளாகக் கழன்று விழும் இரும்புச் சீவல், அது கையுறைக்குள் புகுந்தால் எப்படிச் சுடும் என்பது... இதெல்லாம் தெரிந்து எழுதுகிறவர் தமிழில் குறைவு. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் அவர் எதை எழுதுவார்? அப்பாவுடன் போட்ட சண்டையைத்தான். அதை ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.

கே: மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மனசுக்குள் கதை யோசிக்கலாமா?
(மீண்டும் பெயர் வேண்டாம், மீஞ்சூர்)

ப: கூடாது. பத்து விரலும் வேண்டும், கதைக்கும் சேர்த்து. திரும்பி வருகிற லோக்கலில் யோசியுங்கள். ஆனால் மீஞ்சூர் வந்ததும் இறங்கிவிடுங்கள், அப்பா தேடுவார்.