ஓட்டுக்கு ஏற்ற வானிலை

ஹைதராபாத்தில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தை ஒட்டிச் செல்லும் சாலைக்கு டொனால்ட் டிரம்ப்பின் பெயரைச் சூட்டலாம் என்று 2025 டிசம்பரில் தெலங்கானா அரசு முன்மொழிந்தது. பருவநிலை மாற்றம் என்பது உலகத்தின் தலையில் கட்டப்பட்ட மிகப் பெரிய மோசடி என்று ஐநா சபையில் நின்று அந்த மனிதர் முழங்கி அப்போது மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதே வாரம் அதே அரசு, ‘பாரத் ஃபியூச்சர் சிட்டி’ என்ற நெட் ஜீரோ நகரத்தைக் காட்டி உலக முதலீட்டாளர்களுக்கு மாநாடு நடத்திக்கொண்டிருந்தது. டிரம்ப்பின் ஊடக நிறுவனத்திலிருந்தும் ஒருவர் வந்து, பத்தாண்டில் ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று அறிவித்துவிட்டுப் போனார். கரியமில வாயுவை ஒழிக்கப் போகும் ஊருக்கு, அந்தக் கவலையே புளுகு என்பவரின் ஆசி. மொய் எழுதுகிறவரிடம் கொள்கையையா கேட்பார்கள்?

விஞ்ஞானம் இப்படிக் கூட்டம் கூட்டமாகக் குடியிருக்கும் ஊர் இந்தியாவில் குறைவு. கடலைக் கண்காணிக்கும் இன்காயிஸ் இங்கே இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களை ஆராயும் என்ஆர்எஸ்சி இங்கே. பாறைகளைப் படிக்கும் என்ஜிஆர்ஐ, மானாவாரி விவசாயத்தைப் படிக்கும் கிரிடா, பட்டாஞ்செருவில் இக்ரிசாட். முதலமைச்சர் ஒரு போன் போட்டால் மழையைப் பற்றிப் பாடம் எடுக்க அரைமணி நேரத்தில் பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள்.

2022 ஜூலையில் பத்ராசலத்தில் கோதாவரி 71 அடியைத் தாண்டி ஓடியது. பார்வையிடப் போன அன்றைய முதல்வர் கே. சந்திரசேகர ராவ் (கேசிஆர்) அந்த போனைப் போடவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் வேண்டுமென்றே மேகவெடிப்பை உண்டாக்குவதாகச் சொல்கிறார்கள், முன்பு லடாக்கின் லேயில் செய்தார்கள், உத்தராகண்டில் செய்தார்கள், இப்போது கோதாவரியில் என்று தகவல் வருகிறது, எவ்வளவு தூரம் உண்மை என்று தெரியவில்லை என்றார். தெரியாததை ஒரு முதல்வர் எதற்கு மைக்கில் சொல்ல வேண்டும்? காரணம் உண்டு. அதே வெள்ளத்தில்தான் அவருடைய கனவுப் பாசனத் திட்டமான காளேஸ்வரத்தின் கன்னேபள்ளி, அன்னாரம் பம்ப் ஹவுஸ்கள் முழுகின. பம்ப் ஏன் முழுகியது என்று கேட்டால் வடிவமைப்பு, ஒப்பந்தம், பில் என்று பேச்சு நீளும். அந்நிய சதி என்றால் எவனும் ரசீது கேட்க மாட்டான்.

தெலங்கானாவை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. 2014 ஆசிரியர் தினத்தன்று ஒரு மாணவர் பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்டபோது, மாறியது பருவநிலை அல்ல, நாம்தான் என்றார் பிரதமர் மோடி; வயதானால் குளிர் தாங்காது என்று விளக்கமும் தந்தார். அடுத்த ஆண்டே பாரிஸ் மாநாட்டு மேடையில் அதே பருவநிலைக்காக உருகினார். தண்ணீர் ஆவியாகாமலிருக்க வைகை அணையில் தெர்மாகோல் விட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் தமிழ்நாட்டுக்காரர்கள் கொஞ்சம் கருணை காட்டலாம். அதை விட்ட அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜு நீராவி என்ற ஒன்று இருப்பதையாவது ஒப்புக்கொண்டார்.

நீராவிதான் விஷயம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும்; தாங்கியதை ஒருநாள் மொத்தமாகக் கொட்டும். மத்திய இந்தியாவில் பரந்த பரப்பில் கொட்டித் தீர்க்கும் பெருமழைகள் 1950-க்கும் 2015-க்கும் இடையில் மூன்று மடங்கானதை புணே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோலும் சகாக்களும் 2017-லேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆனால் கொட்டுவதோடு மேகத்தின் வேலை முடிந்துவிடும். தண்ணீர் நம் வீட்டுக்குள் வருவதற்கு அரசாணை வேண்டும்.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி நதி பொங்கி ஏறக்குறைய பதினைந்தாயிரம் பேரைக் கொண்டுபோனது. நிஜாம் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தார். அவர் சதி எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஊருக்கு மேலே வெள்ளத்தைத் தடுத்து நிறுத்த நீர்த்தேக்கம் கட்டுங்கள் என்றார். 1920-இல் உஸ்மான் சாகரும் 1927-இல் ஹிமாயத் சாகரும் எழுந்தன. அவற்றைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்கு, 84 கிராமங்களில், பெரிய கட்டடங்கள் கூடாது என்று 1996-இல் அரசாணை 111 வந்தது. ஏரியைக் காக்க வந்த ஆணை, ரியல் எஸ்டேட்காரர்களின் கண்ணில் 1.32 லட்சம் ஏக்கர் பூட்டிய கஜானா.

சாவியைத் திருப்பியவர் அதே கேசிஆர். 2022 ஏப்ரலில், அதாவது மேகச் சதிக்கு மூன்று மாதம் முன்பு, தடை தளர்ந்தது. ஊருக்கு இப்போது கிருஷ்ணாவிலிருந்தும் கோதாவரியிலிருந்தும் குடிதண்ணீர் வருகிறதே, இந்த ஏரிகள் எதற்கு என்பது வாதம். ஏரிகளை வெட்டியதே வெள்ளத்துக்காக என்பதை அமைச்சரவையில் ஒருவராவது அவர் காதில் போட்டாரா என்று பதிவேதும் இல்லை.

கேசிஆர் ஆட்சியில் ஏரிகளுக்காக ஒரு போராளி இருந்தார். அரசாணை 111-ஐ மீறி ஜன்வாடாவில் கேசிஆரின் மகனும் அமைச்சருமான கேடிஆரின் பண்ணைவீடு இருக்கிறது என்று சொல்லி, அதன்மேல் ட்ரோன் பறக்கவிட்ட வழக்கில் 2020 மார்ச்சில் கைதாகிச் சிறைக்குப் போனார். வீடு என்னுடையதல்ல, நண்பருடையது என்றார் கேடிஆர். அந்தப் போராளியின் பெயர் ரேவந்த் ரெட்டி. 2023 டிசம்பரில் அவர் முதல்வரானார். 2025 மார்ச் கடைசியில், உகாதி விடுமுறையில், ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கருக்குள் அவருடைய அரசின் பொக்லைன்கள் இராவும் பகலுமாக இறங்கின. ஐடி பூங்காவுக்காம். மயில் அகவுகிறது, மரம் விழுகிறது, குறுக்கே நின்ற மாணவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றுகிறது. அங்கே மானும் இல்லை புலியும் இல்லை, வளர்ச்சியைக் கெடுக்கும் சில குள்ளநரிகள்தான் இருக்கின்றன என்று சட்டசபையில் விலங்கியல் வகுப்பு எடுத்தார் முன்னாள் போராளி. அடுத்த சில நாட்களில் தெருநாய்கள் குதறிய புள்ளிமான் ஒன்று அந்த வளாகத்திலேயே செத்தது. முதல்வரின் கணக்குப்படி அது இல்லாத மான்.

ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்தியது. ஏறக்குறைய 100 ஏக்கர் அதற்குள் மொட்டை. விடுமுறை நாட்களில் அப்படி என்ன அவசரம் என்று நீதிபதி கவாய் கேட்டார். காட்டை மீட்கும் திட்டத்தோடு வராவிட்டால் அதிகாரிகள் சிறைக்குப் போக நேரும் என்றும் எச்சரித்தார். அரசு என்ன செய்தது? செயற்கை நுண்ணறிவு வரைந்த மான்களையும் மயில்களையும் இணையத்தில் பரப்பியவர்களைத் தேடிப் புறப்பட்டது. மூத்த ஐஏஎஸ் அதிகாரி ஒருவருக்கே ஒரு படத்தைப் பகிர்ந்ததற்காகப் போலீஸ் நோட்டீஸ். படம் பொய்யாக இருக்கலாம், பொக்லைன் பொய்யா?

இனிதான் நாடகத்தின் சுவையான காட்சி. அரசாணை 111-ஐத் தளர்த்திய கட்சியின் கேடிஆர், நாங்கள் ஆட்சிக்கு வந்தால் அந்த 400 ஏக்கரைச் சூழல் பூங்கா ஆக்குவோம் என்று கண்ணீர் மல்கினார். ஹரியானாவின் ஹிசாரில் பேசிய மோடி, காங்கிரஸ் அரசு காட்டின் மீது புல்டோசர் ஓட்டுகிறது என்று கொதித்தார். கிரேட் நிக்கோபாரில் காட்டை வெட்ட அனுமதி தந்த அரசின் பிரதமர் அவர். சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டுக்காக வருந்திய ராகுல் காந்தியின் கட்சியோ கச்சிபௌலியில் பொக்லைன் பக்கம் நின்றது. சூழலியல் என்பது எதிர்க்கட்சிக்காரர்களுக்கு வரும் காய்ச்சல் போலிருக்கிறது. பதவிப் பிரமாணம் எடுத்த அன்றே இறங்கிவிடுகிறது.

சரி, திருடர்கள் திருடர்கள்தான். ஓட்டுப் போடும் நாம் யார்?

2020 அக்டோபர் 13, 14-இல் ஹைதராபாத் முழுகியது. கட்கேசரில் ஒரே நாளில் 32 சென்டிமீட்டர். சில நாளில் குர்ரம் செருவு என்ற ஏரியும் உடைந்து ஹஃபீஸ் பாபா நகருக்குள் பாய்ந்தது. அல் ஜுபைல் காலனி, நதீம் காலனி எல்லாம் ஏரிகளாகிப் போயின. கூர்ந்து பார்த்தால், பல இடங்களில் ஏரிகள் தங்கள் பழைய முகவரிக்குத் திரும்பியிருந்தன. பிணங்களை எடுத்து ஏழு வாரம் ஆவதற்குள், டிசம்பர் 1 அன்று, மாநகராட்சித் தேர்தல். உலகத்தில் எந்த ஊருக்குக் கிடைக்கும் இப்படியொரு வாய்ப்பு? எந்த ஏரியை எவன் விழுங்கினான், எவன் கையெழுத்துப் போட்டான் என்று வார்டு வார்டாகக் கேட்டிருக்கலாம். பிரச்சாரத்தில் கேட்டது வேறு. பழைய நகரத்தின் மேல் சர்ஜிக்கல் ஸ்டிரைக் நடத்துவோம் என்றார் அன்றைய மாநில பாஜக தலைவர் பண்டி சஞ்சய். ஊருக்கு பாக்யநகர் என்று பெயர் மாற்றலாம் என்றார் யோகி ஆதித்யநாத். வெள்ள நிவாரணமாக ஆளுங்கட்சி வீட்டுக்குப் பத்தாயிரம் என்றது, பாஜக 25 ஆயிரம் என்று ஏலத்தை ஏற்றியது. அந்தப் பணத்துக்கு மக்கள் மீசேவா என்ற அரசுச் சேவை மையங்களில் வரிசையில் நின்றார்கள். உச்சம் எது தெரியுமா? தண்ணீரில் மிதந்து கரையேறிய ஊருக்கு ஆளுங்கட்சி தந்த வாக்குறுதி, மாதம் 20,000 லிட்டர் தண்ணீர் இலவசம்.

வாக்களித்தவர்கள் பாதிக்கும் குறைவு. மற்றவர்கள் பெரும்பாலும் படித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். டிரம்ப்பா கமலாவா என்று 2024-இல் விடிய விடியச் சண்டை போட்டவர்கள் இந்த ஊரின் கேட்டட் கம்யூனிட்டிகளில் நிறைய உண்டு. தன் வார்டு கார்ப்பரேட்டரின் பெயர் கேட்டால் கூகுளைத் திறப்பார்கள். பிளாட் வாங்கும்போது வாஸ்து பார்ப்பார்கள், ஸ்கூல் பார்ப்பார்கள். ஏரி நிரம்பினால் தண்ணீர் எட்டும் எஃப்டிஎல் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டால், பில்டர் பார்த்துப்பார் சார். அந்தக் கோட்டைக் காக்கத்தான் 2024-இல் ஹைட்ரா என்ற அரசு அமைப்பு வந்தது. நடிகர் நாகார்ஜுனாவின் என்-கன்வென்ஷன் மண்டபத்தை இடித்தபோது ஊரே கைதட்டியது. துர்கம் செருவைச் சுற்றிய பங்களாக்களுக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள், உயர் நீதிமன்றத்தில் தடை வந்தது. மூசிக் கரையின் ஏழை வீடுகளில் அதிகாரிகள் சிவப்புச் சாயத்தில் ‘ஆர்பி-எக்ஸ்’ என்று, அதாவது ஆற்றுப்படுகை என்று, எழுதினார்கள். அங்கே நோட்டீஸ் முந்தியதா இயந்திரம் முந்தியதா என்று சாதர்காட் பக்கம் விசாரித்தால் சொல்வார்கள்.

2025 செப்டம்பர் கடைசியில் இரண்டு நீர்த்தேக்கங்களின் மதகுகளும் திறந்தன. மூசி நேராக எம்ஜிபிஎஸ் பேருந்து நிலையத்துக்குள் நுழைந்தது. நிலையத்தை ஆற்றுக்குள்ளேயே கட்டிவைத்தால் அது வேறு எங்கே போகும்? அடுத்த ஏழு வாரத்துக்குள் ஜூபிலி ஹில்ஸ் இடைத்தேர்தல். இந்த முறை பேச்சு, முன்னாள் கிரிக்கெட் வீரர் அசாருதீனை அவசரமாக அமைச்சராக்கியது யாருடைய ஓட்டுக்காக, எந்த சாதி எங்கே போகும், எந்த வேட்பாளரின் குடும்பம் எப்படிப்பட்டது என்று ஓடியது. காங்கிரஸ் வென்றது. மறுபடியும் பாதிப் பேர் வரவில்லை.

ஆகவே ஒரு யோசனை. வேட்புமனுவோடு தரும் உறுதிமொழிப் பத்திரத்தில் சொத்து, நகை, கிரிமினல் வழக்கு எல்லாம் எழுதுகிறார்கள். இன்னொரு கட்டம் சேர்க்கட்டும்: வேட்பாளர், மனைவி மக்கள், பினாமி, பண்ணைவீடு வைத்திருக்கும் நண்பர் ஆகியோரின் நிலம் எந்தச் செருவின் எஃப்டிஎல்லுக்குள் எத்தனை கெஜம் இருக்கிறது? பொய் எழுதினால் அடுத்த பெருமழையில் குடும்பத்தோடு ஹஃபீஸ் பாபா நகரில் தரைத்தளத்தில் குடியிருக்க வேண்டும். நேர்மையாக நிரப்பக்கூடிய வேட்பாளர் எந்தக் கட்சியிலும் கிடைக்காவிட்டால் நோட்டாவை மட்டும் வைத்துத் தேர்தலை நடத்திவிடலாம். அது இதுவரை ஒரு ஏரியையும் மூடியதில்லை.