நாஞ்சில் நாட்டு வீடுகளில் அபிப்பிராயத்தின் பங்கு: ஓர் ஆய்வு

ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி, தேவைக்குத் தண்ணீர். கான்கிரீட்டுக்குக் கொத்தனார்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு இது. நாஞ்சில் நாட்டில் இவற்றோடு சேரும் ஐந்தாவது பொருளைப் பொறியியல் நூல்கள் கண்டுகொள்ளவில்லை. அதன் பெயர் அபிப்பிராயம். காசு கொடுக்காமல் கிடைக்கும்; வாசலுக்குத் தானே வந்து இறங்கும்; வீட்டுச் செலவை அதுவே தீர்மானிக்கும். நூல்களின் இக்குறையை நீக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம், நாகர்கோவிலுக்கு வெளியே ஐந்து சென்ட் மனை. சென்னைக்காரர்கள் கிரவுண்டில் பேசுவார்கள். நமக்கு எல்லாம் சென்ட்தான். சென்டுக்கு 435.6 சதுர அடி வீதம் 2178 சதுர அடி. கார் நிற்க இடம், கிணறு, ஒரு தென்னை (தென்னை இல்லாத மனையை நம்மூரில் யாரும் மனையாக மதிப்பதில்லை) போக மிஞ்சியதில் மனிதர்கள் வசிக்க வேண்டும்.

முதலில் நாள் பார்ப்பது. பஞ்சாங்கப்படி வாஸ்து புருஷன் ஆண்டில் எட்டு நாள் மட்டுமே கண்விழிக்கிறார். அதுவும் நாளுக்கு மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். ஆக வருஷத்துக்கு 12 மணி நேரம். அந்த ஒன்றரை மணியைப் பல் துலக்க, குளிக்க, பூசை செய்ய, சாப்பிட, வெற்றிலை போட என்று பதினெட்டுப் பதினெட்டு நிமிஷமாகப் பங்கு வைத்திருக்கிறார். கடைசி இரண்டு பங்கில் கல் போடுவது உத்தமம். ஆனி, புரட்டாசி, மார்கழி, பங்குனியில் எழுவதே இல்லை. நம் மாவட்டமோ தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் நனைவது. ஜூன் பிறந்தால் டிசம்பர் வரை வானத்தை நம்ப முடியாது. மழையையும் உறக்கத்தையும் கழித்தால் மிஞ்சுபவை தை 12, மாசி 22, சித்திரை 10. கோடைமழைக்குப் பயந்தவர்கள் சித்திரையையும் விட்டுவிடுவார்கள். மற்ற இரு நாளிலும் கொத்தனாருக்கு ஊரெல்லாம் கல் போடும் வேலை. ஆனாலும் வருவார். வந்து, வாஸ்து புருஷன் வெற்றிலை போடும் அதே பதினெட்டு நிமிஷத்தில் அவரும் வெற்றிலை போடுவார்.

அடுத்து மூலைகள். அக்னிமூலையில் அடுக்களை, ஈசானமூலையில் கிணறு. கன்னிமூலையில் கக்கூஸ் கூடவே கூடாது. பாதிரியார் வந்து மந்திரிக்கும் பல வீடுகளிலும் இந்தத் தடை அமலில் இருப்பதை நம் மத நல்லிணக்கத்துக்கு ஆதாரமாகக் கொள்ளலாம்.

இவையெல்லாம் எழுத்தில் உள்ள அபிப்பிராயங்கள். ஆபத்தில்லாதவை. வாய்வழி அபிப்பிராயமே ஆய்வுக்கு உரியது. அதில் தலையாயது மாமாவினுடையது. அவர் தளத்துக்குத் தட்டடித்து முடிந்த மறுநாள்தான் வருவார், முன்னால் வரமாட்டார். மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தார்சாவாகப் போகிற இடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பார். குடைக் கம்பியால் ஒரு செங்கல்லைத் தட்டுவார். பிறகு தொடங்கும்.

"படி இங்கினயா மக்கா வருது?"

"ஆமா மாமா."

"கொத்தனாரு சொன்னாரா?"

"இன்ஜினியரு சொன்னாரு மாமா."

"செரி."

அவ்வளவுதான். சாயா குடித்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் 'செரி'யின் விலை ஒரு படிக்கட்டு. அன்று இரவு வீட்டில் யாரும் உறங்குவதில்லை; விடிந்ததும் கம்பியை அவிழ்ப்பார்கள். திட்டுகிற உறவினரால் ஒரு செங்கல்கூட இடம் மாறியதில்லை என்பதையும், "நல்லாத்தான் இருக்கு" என்று இழுப்பவரால் சுவரே நகரும் என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்.

தச்சாசாரி நிலைக்குப் பலா போதும் என்பார், சித்தப்பா தேக்கு என்பார், வீட்டுக்காரர் நடுவில் அயனி என்று சமாதானம் பேசுவார். இதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை, தேக்குதான் வரும்.

இனி வரலாற்றுச் சான்று. தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது. 1601 வாக்கில் இரவிவர்மா தொடங்கிய வீடு. மார்த்தாண்ட வர்மா அதைப் பெரிதாக எடுத்துக் கட்டியது 1750 வாக்கில். இடையில் ஒன்றரை நூற்றாண்டு. ராஜாவின் வீட்டுக்கே அத்தனை காலம் என்றால் ஐந்து சென்ட்காரர் இரண்டு வருஷத்துக்கு அலுத்துக்கொள்வது நியாயமில்லை. சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த தரை இன்றும் முகம் பார்க்கும்படி மின்னுகிறது. அந்தக் கலவையை யார் சொன்ன அபிப்பிராயத்தில் போட்டார்கள் என்பதற்குக் கல்வெட்டு இல்லை. ஒரு மாமா இருந்திருப்பார்.

இவ்வளவும் செய்து, 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போய்விட்டது. நம் காலத்து வீடுகளின் கதையும் இதுவே. பால்காய்ப்புக்கு ஊர் கூடும். பிள்ளைகள் வளைகுடாவுக்கோ திருவனந்தபுரத்துக்கோ போவார்கள். மாடி அறைகள் பூட்டிக் கிடக்கும். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். ஆகவே ஐந்து சென்டில் மாடி தேவையில்லை என்பது இவ்வாய்வின் முடிவு. இதை எந்த மாமாவும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

வீடு வைக்க நினைப்பவர்கள் கல் போடும் முன் ஒருமுறை பத்மநாபபுரம் போய்த் தரையைப் பார்த்து வரலாம். மாமாவைக் கூட்டிப் போக வேண்டாம். அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. திங்கட்கிழமை விடுமுறை.